வள்ளி திருமண நாடகமும் நம் கடமையும்



இயல், இசை, நாடகம் என முத்தமிழ் கண்டவர் நம் முன்னோர் என்று மேடைதோறும் பேசி மகிழ்கின்றோம். ஆயினும், அம்மூன்றனுள் நாடகத்தைத் தொழிலாகக் கொண்டோரை நெடுங்காலம் 'கூத்தாடி' என இகழ்ந்து, நம் வீட்டுத் திண்ணையிலும் இருத்தாது வந்தோம். இரவு முழுதும் ஒருவர் பாட்டைக் கேட்டு உள்ளம் உருகுவதும், பொழுது விடிந்தபின் அவரையே விலக்கி வைப்பதும் நம்மவர்பால் ஒருங்கே நிகழ்ந்தன. இம்முரண்பாட்டை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத நேர்ந்த காரணத்தையும் கூறுவல். செட்டிகுளத்தில் மலைமீது கரும்பேந்தி எழுந்தருளியுள்ள தண்டாயுதபாணிப் பெருமானின் பங்குனி உத்திர விழாவையொட்டி, நம் குலத்து இளைஞரும் பள்ளிச் சிறாரும் ஒன்றுசேர்ந்து வள்ளி திருமணத்தைத் தாமே நடிக்க விழைகின்றனர். இதற்குப் பெரியோர் சிலர் இரண்டு தடைகள் கூறினர். நற்குடிப் பிறந்த பிள்ளைகள் வேடம் புனைந்து மேடையேறுதல் தகுமோ என்பது ஒன்று. அங்ஙனம் ஏறினும், முருகன் வேடமும் வள்ளி வேடமும் நம் குலத்துப் பிள்ளைகட்கே உரியவாதல் வேண்டும் என்பது மற்றொன்று. பெரியோர் சொல்லை மதித்தே, அவற்றுக்கு விடை தேடப் புகுந்தேன்.

வள்ளியின் பெயர் சங்க நூல்களிலேயே காணப்படுவது. கச்சியப்ப சிவாசாரியர் தம் கந்தபுராணத்தை வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவு செய்தார். தினைப்புனங் காத்த வேட்டுவர் குலமகளைத் தேடி, வேடனாகவும் விருத்தனாகவும் உருமாறி, கடவுளே மலையேறி வந்த கதை அது. தெருக்கூத்தாகவும் குறவர் பாட்டாகவும் நாட்டுமக்கள் நாவில் அது வழங்கி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுவினர் வாயிலாகத் திரைச்சீலையும் ஆர்மோனியமும் நம் நாட்டு மேடைக்கு வந்தபோது, இக்கதையும் புதுக்கோலம் பூண்டது.

அக்கோலத்தை நிலைபெறச் செய்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் 1867ல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சிறிதுகாலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கராக இருந்தார். பின்னர் அவ்வேலையை விடுத்து நாடகம் புகுந்து, இராவணன், இரணியன், எமன் முதலிய வேடங்கள் தாங்கினார். நடிப்பதை விடுத்தபின் ஆசிரியராக அமர்ந்து, பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், வள்ளி திருமணம் உள்ளிட்ட நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை யாத்தார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்க்கு நாடகம் கற்பித்தார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர் எனப் புகழ்பெற்றோர் அச்சபையிற் பயின்றவரே. சுவாமிகள் 1922ல் புதுச்சேரியில் மறைந்தார். இன்றும் நாடகக் கலைஞர் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூசை நடத்துகின்றனர்.

சுவாமிகளின் நூலால் விளைந்த பயன் ஒன்றுண்டு. நாடகக் கம்பெனிகள் தளர்ந்தபின், 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறை வேரூன்றியது. ராஜபார்ட் ஓர் ஊரார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரார். பபூன் மற்றோர் ஊரார். ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிப்போர் பிறிதோர் ஊரார். ஒத்திகையின்றி அன்றிரவே மேடையிற் சந்திப்பர். நாரதர் வள்ளியோடு புரியும் தர்க்கமும், வேடன் வள்ளியோடு புரியும் வாதமும், கிழவர் தேனும் தினைமாவும் கேட்டு விக்கும் காட்சியும் அனைவர்க்கும் மனப்பாடம் ஆதலின், இரவு பத்துமணிக்குத் தொடங்கி விடியுமளவும் பிசகின்றி நடத்துவர். பாய் விரித்துப் பாட்டியும் பேரனும் ஒருங்கிருந்து காணத்தக்க நாடகம் இது. உறங்கிப்போன குழந்தையை, யானை வரும் காட்சிக்குத் தாய் தட்டி எழுப்புவதை நம்மில் அறியாதார் யார்?

இனி, முதற்றடையை நோக்குவோம். 1891ல் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் முதல்வரான பம்மல் சம்பந்த முதலியார் 1873ல் பிறந்தவர். அப்போது பதினெட்டு வயதினர். தமிழ் நாடகத்தை முன்னர் இழிவாக எண்ணியிருந்த அவர், பல்லாரியிலிருந்து வந்த குழுவினர் தெலுங்கு நாடகம் நடத்தக் கண்டு மனம் மாறினார். கற்றோரும் வழக்கறிஞரும் அலுவலரும் ஊதியங் கருதாது கலைக்காகவே அச்சபையில் நடித்தனர். தேசபக்தர் சத்தியமூர்த்தியும் அதன் மேடையில் வேடம் புனைந்தவர். சம்பந்த முதலியார் பின்னர் நீதிபதியாகவும் விளங்கினார். 1959ல் பத்மபூஷண் விருதும் பெற்றார். நீதிபதிக்கு இழுக்காகாத வேடம் நம் வீட்டுப் பிள்ளைக்கு இழுக்காகுமோ? தொழில்முறை மேடையிலும், எஸ். ஜி. கிட்டப்பாவோடு வள்ளியாக நடித்துப் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் பின்னாளிற் சட்ட மேலவை உறுப்பினராக வீற்றிருந்தார். இழிவு கலையிலன்று, நம் கண்ணிலேயே இருந்தது.

இரண்டாந் தடைக்கு விடையாக ஒருவர் வரலாற்றைக் கூறுவேன். 1886ல் சிவகாசியிற் பிறந்தவர் விசுவநாத தாஸ், மருத்துவர் குலத்தவர். முருகனாக வேடம் பூண்டு அவர் பாடும்போது, புராணக் கதைக்கு நடுவே நாட்டு விடுதலை முழங்கும். தினைப்புனத்திற் பறவை ஓட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கை விரட்டுவதுபோல் வெள்ளையராட்சியைச் சாடும் பாட்டைப் பாடினார். அதன் பயனாகப் பன்முறை சிறை புகுந்தார். ஆங்கில அரசு அவரை அஞ்சியது. நம்மவரோ அவரை மதித்தோமில்லை. அவர் பிறந்த குலத்தைக் காட்டி, உடன் நடிக்கவும் சிலர் மறுத்தனர். முருகனே என்று கைகூப்பிய கூட்டத்தின் நடுவே, முருகனாய் நின்றவரைச் சாதி சொல்லி ஒதுக்கிய கொடுமை நிகழ்ந்தது. 1940 டிசம்பர் 31ஆம் நாள், சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கையில், மயில்மீது வீற்றிருந்த கோலத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

நம் சங்கம் நம் குலத்தார் கல்வியிலும் வாழ்விலும் உயரும்பொருட்டு ஏற்பட்டது; அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் நாடகத்துக்கு நாம் தேர்ந்தெடுத்த கதை யாது? தேவர் கோமான் குலம் நோக்காது வேட்டுவர் குடிலை நாடி வந்த கதை. அக்கதையை நடிப்பதற்குக் குலம் பார்த்து வேடம் பங்கிடுவோமாயின், கதையை நாமே பொய்யாக்கியவராவோம். குரல் எவர்க்கு வாய்த்ததோ, உச்சரிப்பு எவர்க்குத் திருந்தியதோ, அவரே முருகனாகுக, அவரே வள்ளியாகுக. அடுத்த தெருவிற் பிறந்த பிள்ளையாயினும் ஆகுக.

ஆதலின், உறுப்பினர்கட்கு மூன்று விண்ணப்பம் செய்துகொள்கிறேன். நாடகத்தொழிலில் முதிர்ந்த கலைஞர் ஒருவரை அழைத்து, தக்க ஊதியம் அளித்து, பிள்ளைகட்குப் பாட்டும் தர்க்கமும் முறையாகக் கற்பிக்கச் செய்வோம். ஒத்திகையின்றி நடத்தல் பழகியோர்க்கே இயலும். நடிக்க விரும்பும் பெண்மக்களைத் தடுக்காதிருப்போம். மூன்றாவதே தலையாயது: விடியற்காலையில் மங்களம் பாடி முடிந்தபின், ஆசிரியர்க்கும், ஆர்மோனியம் மிருதங்கம் வாசித்தோர்க்கும், பிற தெருவிலிருந்து வந்து நடித்த பிள்ளைகட்கும் தனி இலை போடாது, நம் பந்தியிலேயே நம்மோடு இலையிடுவோம். விசுவநாத தாசருக்கு நாம் செய்யத் தவறிய மரியாதை அன்றேனும் ஒருசிறிது ஈடாகும்.

வாழ்க முத்தமிழ்!