சிவப்பு ஊசியும் கறுப்புப் போத்தலும்

கண்டியில "சத்து ஊசி" என்ற சொல்லைக் கேட்காம வளர்ந்தவர்கள் குறைவு. களைப்பா இருக்கா, கை கால் விறைக்குதா, முகம் வெளிறிப் போச்சா, "ஊசி ஒன்னு போட்டுட்டு வாங்க, எல்லாம் சரியாகிடும்" என்று சொல்ல லயத்திலும் ஆள் இருக்கு, டவுனிலும் ஆள் இருக்கு. அந்த ஊசிகளில் பேர்போனது சிவப்பு ஊசி, அதாவது விற்றமின் பி12. நிறத்தைப் பார்த்துவிட்டு இரத்தத்தையே ஏற்றுகிறார்கள் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு இரத்தத்தின் சிவப்பு இல்லை. நடுவில் கோபால்ட் உலோகம் உட்கார்ந்திருக்கும் ஒரு மூலக்கூறின் நிறம் அது.

இந்த ஊசியின் வரலாற்றைத் தேடிப் போனபோது எங்களுக்குச் சுவாரசியமாகப் பட்டது அது ஜெயித்த கதை அல்ல. ஊசி தோற்று, நம்ம வீட்டு அலுமாரியில் இருக்கும் ஒரு கறுப்புப் போத்தல் ஜெயித்த கதைதான்.

முதலில் ஊசி ஏன் வந்தது என்று பார்ப்போம். நூறு வருடத்துக்கு முன்னர் ஒருவகை இரத்தச்சோகைக்கு மருந்தே இருக்கவில்லை. வந்தால் சாவு என்றுதான் கணக்கு. 1926இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மைனொட், மர்பி என்ற இரண்டு வைத்தியர்கள், நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். அடுத்த சில வருடங்களில் வில்லியம் காசில் என்பவர் கொஞ்சம் அருவருப்பான ஒரு பரிசோதனை செய்தார். தானே மாட்டிறைச்சி சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து அதை வெளியே எடுத்து, பதப்படுத்தி நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். (சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்கள் மன்னிக்கவும்.) வெறும் இறைச்சி கொடுத்தபோது தேறாத ஆட்கள் இதில் தேறினார்கள். நல்ல இரைப்பையில் சுரக்கும் ஏதோ ஒன்று இருந்தால்தான் உணவில் உள்ள சத்து உடம்பில் சேர்கிறது, அந்தச் சுரப்பு இல்லாதவர்களுக்கு எவ்வளவு சாப்பிட்டும் பிரயோசனம் குறைவு என்பது அதில் தெரிய வந்தது. ஈரலின் சாரத்தை எடுத்து நேரே தசைக்குள் ஏற்றும் வழக்கம் 1930களில் பரவியதற்கு இதுவே நியாயம். வாய் வழியில் அடைப்பு இருப்பதால் ஊசி வழி. வேறு மந்திரம் அதில் கிடையாது.

இனி நம்ம பக்கத்துக் கதை. லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்துப் பெண் 1913இல் தாயாருடன் இலங்கைக்கு வந்து போனார். அப்போது அவர் வைத்தியர் இல்லை. தகப்பனும் அக்காவும் அடுத்தடுத்து இறந்துபோன துக்கத்தில் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவர். 1920இல் வைத்தியரானார். 1928இல் மார்கரட் பல்ஃபோர் என்ற வைத்தியர் கூப்பிட்டு பம்பாய்க்குப் போனார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கடுமையான இரத்தச்சோகையில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அமெரிக்க நோயாளிகளின் இரத்தம் மாதிரியே இருந்தது, பெருத்த சிவப்பணுக்கள். ஆனால் இரைப்பை ஒழுங்காக வேலை செய்தது.

வில்ஸ் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்திலும், குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னையில் இப்போது கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்று சொல்கிற கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து எழுதினார். அதே மாதிரிச் சாப்பாட்டைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஈரல் விலை கூட, ஆலைத் தொழிலாளிக்குக் கட்டாது. அதனால் மலிவான ஈஸ்ட் சாரம் ஒன்றைப் பரீட்சித்தார். அதுதான் மாமைட். பாணில் பூசியோ சுடுதண்ணியில் கரைத்தோ நாம குடிக்கிறோமே, அதே கறுப்பு மாமைட். பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் அது வெளியானது.

பிறகு இன்னொன்றையும் அவர் கவனித்தார். அமெரிக்க நோயைக் குணமாக்கிய, நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சார ஊசி இந்த நோயாளிகளுக்கு வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாரம் வேலை செய்தது. அப்படியென்றால் சுத்தம் செய்யும்போது எதையோ தூக்கி வீசியிருக்கிறார்கள். குறைந்திருப்பது அமெரிக்கர்களுக்குக் குறைந்த பொருள் இல்லை, வேறொன்று. அதற்கு "வில்ஸ் காரணி" என்று பெயர் விழுந்தது. ஆள் வெளிறியிருக்கிறது, ஊசி சிறந்தது, ஆகவே போடு என்று அவர் நின்றிருந்தால் இது கிடைத்திருக்காது.

மாமைட் அந்த நாட்களில் நம்ம ஊருக்கும் வந்தது, மருந்தாக. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கி நுளம்பு பெருகியது. ஒக்டோபரில் தொடங்கிய மலேரியா சில மாதத்தில் 80,000க்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. கண்டியிலிருந்து கடுகண்ணாவை இறங்கினால் வரும் கேகாலை மாவட்டம்தான் மிக மோசமாக அடிபட்டது. குருநாகலும் அதே கதி. நிவாரணத்துக்குப் போன சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் (சூரிய மல் என்றால் நம்ம பூவரசம் பூ) காய்ச்சலுக்குப் பின்னால் பசி நிற்பதைக் கண்டார்கள். அரிசித் தட்டுப்பாட்டில் உடம்பில் எதிர்க்கச் சக்தியில்லாத ஆட்களிடம் கொய்னாவை மட்டும் நீட்டி என்ன செய்வது? மாமைட்டைக் குளிசைகளாக உருட்டிக் கொடுத்தார்கள். பின்னாளில் இடதுசாரி அரசியலில் பெரிய பெயர்களான பலர் இந்த நாட்டின் வறுமையைக் கிட்ட நின்று பார்த்தது அந்தக் கிராமங்களில்தான். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

வில்ஸ் காரணி என்பது ஃபோலிக் அமிலம் என்று 1940களில் தெளிவானது. 1945இல் அதை ஆய்வுகூடத்தில் செய்தார்கள். இங்கேதான் கதை பயங்கரமாகிறது. ஃபோலிக் அமிலத்தைப் பழைய அமெரிக்க நோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். இரத்தம் கிடுகிடுவென்று ஏறியது. எல்லாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் சிலருக்குக் கால் மரத்தது, நடை தடுமாறியது, முள்ளந்தண்டு நரம்புகள் கெட்டன. இரத்தம் நல்லா இருக்கு என்ற அறிக்கைக்குப் பின்னால், உண்மையில் குறைந்திருந்த சத்து குறைந்தபடியே இருந்து நரம்பைத் தின்றது. அந்தச் சத்துத்தான் பி12. 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சில வார இடைவெளியில் அதைச் சிவப்புப் பளிங்காகப் பிரித்தெடுத்தார்கள். இன்றைய சிவப்பு ஊசி பிறந்தது அப்படித்தான்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், கண்ணை மூடிக்கொண்டு போடும் "சத்து" 1946இல் செய்த வேலையை இன்றைக்கும் செய்யும். கால் விறைக்குது என்று வருகிறவருக்கு வெறும் ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தால் நோய் மறைந்துகொள்ளும். இரண்டும் குறைவென்றால் பி12தான் முதலில். அதேபோல இரத்தம் எடுத்துப் பார்க்க முன்னரே சிவப்பு ஊசியைப் போட்டுவிட்டால், பிறகு செய்யும் பரிசோதனையில் பி12 ஏராளம் என்றுதான் வரும். ஏன் குறைந்தது என்ற கேள்வி அதோடு முடிந்தது. காரணம் பலதாக இருக்கலாம்: முழு மரக்கறிச் சாப்பாடு, இரைப்பைக் கோளாறு, பல வருடமாகச் சீனி வருத்தத்துக்கு எடுக்கும் மெட்ஃபோர்மின். நம்ம வீட்டுப் பெரியவங்களின் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்க, மெட்ஃபோர்மின் இல்லாத கொப்பி அரிது. கால் மரப்பை "சீனியாலதான்" என்று விட்டுவிடாமல் பி12ஐப் பார்க்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

குறைவு உறுதியானால் ஊசி அருமையான மருந்து. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் தாமதிக்கவே கூடாது. பொதுவாக 1 மில்லிகிராம் தசைக்குள், முதலில் சில வாரம் அடுத்தடுத்து, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. நாளாந்தத் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், மிஞ்சுவது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். காரணம் தீராவிட்டால் ஊசி ஆயுசுக்கும் தேவைப்படலாம், தெம்பு வந்ததென்று நிறுத்தக் கூடாது. கடும் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு முதல் நாட்களில் பொட்டாசியம் இறங்கக்கூடும், அதனால் அவர்களை வைத்தியசாலையில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வாமை அபூர்வம், ஆனாலும் போட்டவுடன் பஸ்ஸுக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்க. பலருக்கு அதிக அளவுக் குளிசையே போதும், ஏனென்றால் அந்தச் சுரப்பு இல்லாமலும் நூற்றில் ஒரு பங்கு அளவு உள்ளே போகும். ஏ, டி விற்றமின்கள் இப்படியல்ல. அவை உடம்பில் தேங்கும். அளவு மீறினால் டி கல்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஏ வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

மருந்து சரியாக இருந்தும் ஊசி கொல்லலாம். 2014 கடைசியில் கம்போடியாவின் ரொக்கா கிராமத்தில் 200க்கு மேற்பட்டவர்களுக்கு எச்ஐவி இருப்பது வெளிப்பட்டது. ஊரே நம்பிய, அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவர் பாவித்த ஊசியையே திரும்பப் பாவித்திருந்தார். அங்கேயும் சனங்களுக்கு ஊசியில்தான் நம்பிக்கை. எங்கே போட்டாலும் சிரிஞ்சின் உறை உங்கள் கண் முன்னால் பிரிய வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேளுங்க. "சத்து ஊசி" என்பது மருந்தின் பெயர் இல்லை.

லூசி வில்ஸ் 1947இல் ஓய்வு பெற்ற பிறகும் ஜமெய்க்கா, பிஜி, தென்னாபிரிக்கா என்று போய்ப் போசாக்கு ஆய்வு செய்தார். 1964இல் இறந்தார். இன்றைக்குப் பேராதனையிலோ கம்பளையிலோ கர்ப்பிணி கிளினிக்குக்குப் போகிற பெண்ணுக்கு இரும்புச்சத்தோடு கொடுக்கும் ஃபோலிக் அமிலம், அவர் மாமைட்டுக்குள் தேடிய அதே பொருள். அதை மிட்வைஃப் மிஸ்ஸி குளிசையாகத்தான் தருகிறார்.