கட்டுமீறிய பாலியல் நடத்தைக் கோளாறு: சிகிச்சையும் தாம்பத்தியமும்

கட்டுமீறிய பாலியல் நடத்தைக் கோளாறு என்பது, எழும் பாலியல் உந்துதலை அடக்க முடியாமல் ஒருவர் அதே செயலில் திரும்பத் திரும்ப இறங்கி, அதனால் வேலையும் உடல்நலமும் குடும்பமும் சீர்கெடும் மனநல நிலை. விடிய விடிய ஆபாசப் படம் பார்ப்பது, அலுவலகத்திலும் நிறுத்த முடியாத சுயஇன்பம், செயலிகள் வழியாக முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் போவது, பணம் கொடுத்துப் பெறும் உறவுக்காகக் கடன் வாங்குவது எனப் பல உருவங்களில் இது வெளிப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதை 6சி72 என்ற எண்ணில் தனி நோயாகச் சேர்த்திருக்கிறது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட அந்தப் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மது, போதைப் பழக்கங்களுக்கான பிரிவில் அல்லாமல், திருட்டு உந்துதல், தீ வைக்கும் உந்துதல் ஆகியவற்றோடு உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் கீழ் இது வைக்கப்பட்டுள்ளது.

எது கோளாறு, எது அல்ல

ஒருவர் வாரத்துக்கு எத்தனை முறை ஈடுபடுகிறார் என்பது இங்கே அளவுகோல் அல்ல. பாலியல் ஆர்வம் இயல்பாகவே மிகுந்தவர் தன் செயலைத் தன் பிடிக்குள் வைத்திருந்தால் அவருக்கு இந்த நோய் இல்லை. மருத்துவர் பார்ப்பது வேறு: மற்றக் கடமைகள் அனைத்தையும் தள்ளிவிட்டு இதுவே வாழ்வின் மையமாகிவிட்டதா, நிறுத்த முயன்று பலமுறை தோற்றிருக்கிறாரா, கெடுதல் கண்ணெதிரே நடந்தும் தொடர்கிறாரா, இன்பமே கிடைக்காதபோதும் விட முடியவில்லையா. இந்த நிலை ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, கடும் மனவேதனையையோ வாழ்க்கைப் பாதிப்பையோ உண்டாக்கியிருக்க வேண்டும்.

வகைப்பாட்டில் உள்ள ஒரு விதிவிலக்கு நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். தான் செய்வது பாவம், அசிங்கம் என்ற எண்ணத்தால் மட்டுமே வரும் வேதனையை வைத்து இந்த நோய் இருப்பதாக முடிவு செய்யக்கூடாது. மாதம் இரண்டு முறை சுயஇன்பம் செய்துவிட்டுக் குற்ற உணர்வில் தூக்கம் கெடும் இளைஞருக்கு வேண்டியது பாலியல் பற்றிய சரியான தகவலும் ஆறுதலும்தான். விந்து வெளியேறுவதால் உடல் உருகிப்போகிறது என்ற பயத்தோடு வரும் நோயாளிகளின் நிலையை மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் தாது நோய்க்குறி என்று விவரித்தார். அதையும் இந்தக் கோளாறையும் குழப்பிக்கொள்வதால்தான் 'நரம்புத் தளர்ச்சி' விளம்பரங்களுக்கும், ஊர் ஊராக வந்து லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் வியாபாரம் நடக்கிறது. பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. சுவரொட்டிகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

தன்பால் ஈர்ப்பும் நோய் அல்ல. மகனையோ மகளையோ 'மாற்றித் தரும்படி' பெற்றோர் அழைத்து வருவதுண்டு. அத்தகைய மாற்றுச் சிகிச்சைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது.

பிறர் சம்மதமின்றி ஒளிந்து பார்ப்பது, கூட்டத்தில் உரசுவது, உறுப்பைக் காட்டுவது போன்றவை வகைப்பாட்டில் வேறு பிரிவில் வருகின்றன. இந்த நோய் இருக்கிறது என்ற மருத்துவச் சான்று குற்றத்துக்கு விலக்கு ஆகாது. குழந்தைகள் பாதிக்கப்படும் செய்தி சிகிச்சையாளருக்குத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவரது கடமை.

வரலாறு

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவம் ஆண்களின் மிகைக்காமத்துக்கு ஒரு பெயரும் பெண்களுடையதற்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தது. தண்டனை பெரும்பாலும் பெண்களுக்கே விழுந்தது. 1860களில் லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் பெண்களின் கிளிட்டோரிஸை வெட்டி எடுப்பதைச் சிகிச்சையாகச் செய்தார். 1867இல் மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. மனநல மருத்துவர் கிராஃப்ட் எபிங் 1886இல் வெளியிட்ட நூல் மிகைக்காமத்தை நோய்ப் பட்டியலில் ஏற்றியது.

1983இல் பாட்ரிக் கார்ன்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய நூல், இதை மதுவைப் போன்ற அடிமைத்தனமாகப் பரப்பியது. மது அடிமைகளின் பன்னிரு படி முறையைப் பின்பற்றும் குழுக்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கே தோன்றியிருந்தன. மனநல மருத்துவர் மார்ட்டின் காஃப்கா 2010இல் முன்வைத்த 'மிகைப்பாலியல் கோளாறு' என்ற நோயை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது 2013 கையேட்டில் சேர்க்க மறுத்தது. அமெரிக்கப் பாலியல் கல்வியாளர்கள், ஆலோசகர்கள், சிகிச்சையாளர்கள் சங்கமும் அடிமைத்தனம் என்ற கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2016இல் அறிவித்தது. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அது முடியும்வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. பெயர் எதுவானாலும் முதல் கட்ட சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான்.

அமெரிக்காவில் 2,325 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான கணக்கெடுப்பில், பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல் குறிப்பிடத்தக்க அளவு அவதிப்படுவதாக 8.6 விழுக்காட்டினர் கூறினர், ஆண்களில் 10.3, பெண்களில் 7 விழுக்காடு. இது நோயாளிகளின் எண்ணிக்கை அல்ல, அவதிப்படுவோரின் எண்ணிக்கை. ஆயினும் இது ஆண்களின் பிரச்சினை மட்டுமே என்ற எண்ணத்தை அந்த ஏழு விழுக்காடு உடைக்கிறது.

முதல் சந்திப்பு

மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர் 'தூக்கம் இல்லை', 'வேலையில் கவனம் இல்லை' என்றுதான் தொடங்குவார்கள். விஷயம் மெதுவாகத்தான் வெளியே வரும். அனுபவம் உள்ள மருத்துவர் முதலில் வேறு காரணங்களைத் தேடுவார். இருதுருவக் கோளாற்றின் எழுச்சிக் கட்டத்தில் காமமும் செலவும் பேச்சும் ஒரே நேரத்தில் பெருகும். ஐம்பது வயதைக் கடந்தவரிடம் திடீரென்று இந்த மாற்றம் தோன்றினால், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு இந்த உந்துதலைக் கிளப்பிவிடும். மனநோய்க்குத் தரப்படும் அரிபிப்ரசோல் பற்றியும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் இதே எச்சரிக்கையை வெளியிட்டது. இத்தனை ஆண்டுகள் ஒழுங்காக இருந்த மனிதர் 'புத்தி கெட்டுப்போனார்' என்று குடும்பம் தலைகுனிந்து நிற்கும். மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரையை மாற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்துவது மட்டும் ஆபத்து.

மனச்சோர்வு, பதற்றம், மதுப் பழக்கம், சிறுவயதில் அனுபவித்த பாலியல் கொடுமை ஆகியவை பற்றியும் கேட்கப்படும். பலருக்குக் காமம் என்பது துக்கத்தை மறக்கும் வழியாகவே பழகிப்போயிருக்கிறது. தற்கொலை எண்ணம் உண்டா என்ற கேள்வியும் கட்டாயம் வரும்; குட்டு வெளிப்பட்ட அடுத்த சில நாட்கள் அதற்கான ஆபத்து மிகுந்த காலம்.

சிகிச்சை

அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான் இப்போது முதல் தேர்வு. ஸ்வீடனில் 137 ஆண்களை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஏழு வாரக் குழுச் சிகிச்சை பெற்றவர்களின் அறிகுறிகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் குறைந்தன.

இந்தச் சிகிச்சையின் முதல் கருவி ஒரு சாதாரண நோட்டு. நேரம், இடம், அதற்கு முன் நடந்தது, மனநிலை, செய்தது, பிறகு தோன்றியது என்று பத்திகள் பிரித்து நோயாளி தினமும் எழுதுவார். இரவு பதினொன்றரை, தனி அறை, மாலையில் மேலாளரிடம் திட்டு, மனதில் அவமானம், மூன்று மணி நேரம் போன், காலையில் வெறுப்பு. இரண்டு வாரம் எழுதியதும் காமம் என்று நினைத்தது பெரும்பாலும் தனிமையும் கோபமும் சலிப்பும்தான் என்பது அவருக்கே பிடிபடும். பிறகு சங்கிலியின் எந்தக் கண்ணியை அறுப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்: போனைக் கூடத்தில் சார்ஜ் போடுவது, செயலியை நீக்குவது, உந்துதல் எழும்போது அதோடு மல்லுக்கட்டாமல் அது ஏறி இறங்கும்வரை கவனித்திருப்பது. போனைப் பிடுங்கி வைப்பது மட்டும் சிகிச்சை ஆகாது. கடையில் அடுத்த போன் கிடைக்கும்.

இந்தக் கோளாற்றுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. செர்ட்ரலின், பராக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும், மதுப் பழக்கத்துக்குத் தரப்படும் நால்ட்ரெக்சோனும் மருத்துவரின் முடிவின்பேரில் பயன்படுகின்றன. முதல் வகை, பாலியல் ஆர்வத்தையே குறைக்கும் பக்கவிளைவு உடையது. அதைத் துணைவருக்கும் சொல்லிவைப்பது நல்லது. இரண்டாவதற்குக் கல்லீரல் பரிசோதனை தேவை. ஓபியம் வகை வலி மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆகாது.

சிகிச்சையின் இலக்கு துறவு அல்ல. எது தன் விருப்பத்துக்கும் குடும்பத்துக்கும் ஏற்றது, எது அல்ல என்று நோயாளியே வரையறுத்து, அந்த வரம்புக்குள் வாழப் பழகுவதுதான். இடையில் சறுக்கல்கள் வரும். சறுக்கியதும் 'எல்லாம் போச்சு' என்று மொத்தமாக விழுவதைத் தடுக்கவே கடைசி அமர்வுகள் ஒதுக்கப்படுகின்றன.

கணவன் மனைவி

வீட்டில் இது பெரும்பாலும் போன் வழியாகவே வெளிப்படுகிறது: நள்ளிரவு அறிவிப்பு, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, ஜிபே பட்டியலில் தெரியாத பெயர். அறிந்துகொண்டவருக்குத் தூக்கம் போகும், கண்ணை மூடினால் காட்சிகள் ஓடும், கணவரின் போனைத் தேடிப் பார்ப்பதே வேலையாகும். இவை அதிர்ச்சியின் அறிகுறிகள். அவருக்கும் தனியாக ஓர் ஆலோசகர் வேண்டும். 'நீ சரியா இருந்திருந்தா அவன் ஏன் வெளிய போறான்' என்ற உறவினர் பேச்சு மருத்துவரீதியாகவும் தவறு: கோளாறு திருமணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருப்பது வழக்கம்.

பெரும் சேதம் செய்வது தவணை முறை உண்மை. இன்று பாதி, பிடிபட்டதும் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்று சொல்லும்போது ஒவ்வொரு தவணையும் புதிய துரோகமாகிறது. எனவே உண்மையைச் சொல்வதைச் சில சிகிச்சையாளர்கள் திட்டமிட்டு நடத்துகிறார்கள். எந்தெந்த நடத்தை, எவ்வளவு காலம், எவ்வளவு பணம், தெரிந்தவர் யாரும் உண்டா, நோய்த்தொற்று ஆபத்து உண்டா என்பனவற்றை நோயாளி முன்கூட்டி எழுதி, இரு தரப்பு ஆலோசகர்களும் உடன் இருக்க ஒரே அமர்வில் சொல்வார். மனதில் படமாக ஓடக்கூடிய நுணுக்கங்கள் விலக்கப்படும். எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவு செய்பவர் கேட்கும் மனைவி. சொல்லும் கணவர் அல்ல. உறவில் இருவரும் இடம் மாறி நின்றாலும் முறை இதுவே.

நோய்த்தொற்றுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம். முடிவு ரகசியமாக இருக்கும். அண்மையில் தொற்று நேர்ந்திருக்கலாம் என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

தம்பதியர் சேர்ந்து அமரும் சிகிச்சை, நடத்தை ஓரளவு கட்டுக்குள் வந்த பிறகே பலன் தரும். உடலுறவைச் சில காலம் இருவரும் பேசி நிறுத்திவைப்பதும், பிறகு எதிர்பார்ப்பு இல்லாத தொடுதலில் படிப்படியாகத் தொடங்குவதும் உண்டு. இந்தத் தொடுதல் பயிற்சியை பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இணை 1970இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. அடி, மிரட்டல், கட்டாயப் புணர்ச்சி உள்ள வீட்டில் சேர்ந்து அமர்வதே ஆபத்து. அங்கே முதலில் வர வேண்டியது 181 மகளிர் உதவி எண்ணும், பாலியல் கொடுமையையும் உள்ளடக்கிய 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும்.

எங்கே அணுகுவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போதும். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல நிலையத்திலும் புறநோயாளிப் பிரிவு உண்டு. ஆபாசப் படம், இணையம் சார்ந்த சிக்கலுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014இல் தொடங்கிய ஷட் கிளினிக் இருக்கிறது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

தனியாரிடம் போகிறவர் பெயர்ப் பலகையை மட்டும் நம்பக்கூடாது. மனநல மருத்துவர் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவராகவும், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களே விதிவிலக்கு. மனைவியே கட்டணம் செலுத்தினாலும், வயது வந்த கணவர் தனி அமர்வில் பேசியதை அவர் அனுமதியின்றி ஆலோசகர் மனைவியிடம் சொல்ல முடியாது. சேர்ந்து சிகிச்சைக்கு வருபவர்கள் இந்த விதி தங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை முதல் நாளிலேயே கேட்டு, எழுத்தில் ஒப்புக்கொள்வது நல்லது.