லாக்

பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் முதற்பொருள் மரக்கட்டை. முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, ஓடும் முடிச்சுகளை எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தார்கள் மாலுமிகள். அந்தக் கணக்கை எழுதிய ஏடு ‘லாக்புக்’ ஆனது. கணினியில் நிகழ்வுகளின் வரிசைப் பதிவுக்கும் ‘லாக்’ என்பதே பெயர்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ‘பின்லாக்’, தரவில் நேரும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கோப்பு. அதைப் படித்தே நகல் சர்வர் மூல சர்வரோடு ஒத்துப்போகிறது. 8.0 பதிப்பில் இக்கோப்புகளின் இயல்பான ஆயுள் 25,92,000 விநாடி, அதாவது 30 நாள். நகல் படித்து முடிக்காத கோப்பு போய்விட்டால் நகலாக்கம் நின்றுவிடும். பெரும்பாலும் நகலைப் புதிதாகவே உருவாக்க நேரும். டிஸ்க் நிறைகிறதென்று கோப்புகளை நேரடியாக அழிக்காதீர்கள். எல்லா நகல்களும் எந்தக் கோப்புவரை படித்திருக்கின்றன என்று பார்த்து, அதற்கு முந்தியவற்றை மட்டும் ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கட்டளையால் நீக்குங்கள்.