நாமக்கல்லைத் தேடினால் திருச்சியில் கிடைக்கும்

1915-ம் வருஷத்து நாமக்கல் நிலவரிக் கோப்பு ஒன்று உங்களுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடுபெட்டியில் எந்த மாவட்டத்தைத் தட்டுவீர்கள்? நாமக்கல் மாவட்டம் பிறந்ததே 1997 ஜனவரி 1-ல்தான். அப்படியானால் சேலம்? அதுவும் இல்லை. 1910-ல் நாமக்கல் தாலுகாவைத் திருச்சியோடு சேர்த்துவிட்டார்கள், பல வருஷம் கழித்துதான் அது சேலத்துக்குத் திரும்பி வந்தது. ஆக, நீங்கள் போய்த் தேட வேண்டியது திருச்சிராப்பள்ளி. அதையும் வெள்ளைக்காரன் எழுதினபடி 'ட்ரிச்சினாப்பொலி' என்று தேட வேண்டும்!

பழைய அரசு ஆவணங்களை ஸ்கேன் செய்து வலையில் ஏற்றினால் போதும், வரலாறு வீட்டுக்கே வந்துவிடும் என்று நானும்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். ஏற்றுவது பாதி வேலைதான்.

நம் மாநிலத்து ஆவணங்கள் இருப்பது எழும்பூரில். 1909-ல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீசாக எழுந்த அந்தச் சிவப்புக் கட்டிடம்தான் இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே அரசாணைகள் துறை, வருஷம், எண் என்ற வரிசையில் அடுக்கப்பட்டவை. எந்த விஷயம் எந்தத் துறைக்குப் போகும் என்று தெரிந்த குமாஸ்தாவுக்காகச் செய்த ஏற்பாடு அது. ரெவின்யூ போர்டு 1786-ல் வந்தது, 1980-ல் கலைக்கப்பட்டது. நிலம், வரி சம்பந்தமான எத்தனையோ விஷயங்கள் அதன் நடவடிக்கைத் தொகுதிகளுக்குள்தான் கிடக்கின்றன. ஆனால் தன் தாத்தாவின் நிலத்தைத் தேடி வருபவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

டில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 2015-ல் 'அபிலேக் பட்டல்' என்ற தளத்தைத் தொடங்கியது. வீட்டிலிருந்தே தேடலாம் என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேடல் பெரும்பாலும் ஓடுவது கோப்பின் தலைப்பிலும் குறிப்பிலும்தான். உள்ளே கையெழுத்தில் இருப்பது தேடலில் சிக்காது.

இதற்கு நம்ம ஊர் இரும்பையே எடுத்துக்கொள்ளலாம். கஞ்சமலை இரும்புத் தாதுவை நம்பி ஜோசியா மார்ஷல் ஹீத் 1830-களில் ஆலை வைத்தது பறங்கிப்பேட்டையில். தலைப்பில் 'போர்ட்டோ நோவோ' என்று மட்டும் எழுதியிருந்தால், கஞ்சமலை என்று ஆயிரம் தடவை தட்டினாலும் அந்தக் கோப்பு வராது. 1792-ல் திப்புவிடமிருந்து கைமாறிய பகுதிக்கு வந்த அலெக்சாண்டர் ரீட் காலத்துக் காகிதங்களைத் தேடவும் 'பாராமகால்' என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வணிகவியல் பாடத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே ஆளுக்கு லெட்ஜரில் இரண்டு பெயரில் கணக்கு இருந்தால், 'அந்தப் பக்கம் பார்க்கவும்' என்று ஃபோலியோ எண் போட்டுவிடுவோம். தேடுபொறிக்கும் அப்படி ஒரு ஊர்ப்பெயர்ப் பட்டியல்தான் வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் பழைய ஆங்கில எழுத்துக்கள் எல்லாம், எந்த வருஷம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்ற விவரம், இரண்டும் சேர்ந்து. இதற்கான சரக்கு அச்சிலேயே இருக்கிறது: லெ ஃபானு எழுதிய சேலம் மேனுவல் (1883), ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் (1918).

கையெழுத்துக்கும் வழி பிறந்துவிட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய காகிதங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களை நெதர்லாந்தில் கணினியைக் கொண்டே படிக்க வைத்து, உள்ளே இருக்கும் சொல்லைத் தேடும்படி செய்திருக்கிறார்கள். நம்ம தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அந்தக் கம்பெனிக் கடிதங்களில் வரும் ஊர்கள்தான். கம்பெனிக்காரன் எழுதின இங்கிலீஷ் கையெழுத்து அதைவிடவா மோசம்?

ஆனால் கணினி எழுத்தைப் படித்துவிட்டால் மட்டும் தீராது. எங்கள் அம்மாபேட்டையையே பாருங்கள். சேலத்தில் தறிச்சத்தம் கேட்கும் இந்த அம்மாபேட்டை ஒன்று. பவானி பக்கம் ஒன்று, தஞ்சாவூர் பக்கம் இன்னொன்று. பவானிக்காரர்கள் 1979-ல் பெரியார் மாவட்டம் உருவாகும்வரை கோயம்புத்தூர் மாவட்டம். ஒரு பழைய கோப்பில் வெறுமனே 'அம்மாபேட்' என்று மட்டும் இருந்தால் அது எந்த ஊர் என்று சொல்ல, பக்கத்தில் எந்த தாலுகா எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.