ஆல்பா ரோசா

ஆல்பா ரோசா அல்லது வெள்ளை ரோசா என்பது ஐரோப்பாவில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டுவரும் கலப்பின ரோசாச் செடியாகும். 1753 இல் லின்னேயசு இதற்கு ரோசா ஆல்பா எனப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் ஆல்பா என்பது வெண்மையைக் குறிக்கும். இது காலிக்கா ரோசாவும் நாய் ரோசாவும் கலந்து தோன்றியது எனக் கருதப்படுகிறது. இங்கிலாந்தின் ரோசாப் போர்களில் யார்க் குடியினர் கொண்டிருந்த வெள்ளை ரோசாச் சின்னம் இச்செடியின் பூவே என்பது மரபு.

இயல்புகள்

இச்செடி பொதுவாக 1.5 முதல் 2.5 மீட்டர் உயரம் வளரும். இலைகள் சாம்பல் படர்ந்த நீலப்பச்சை நிறமானவை. நறுமணமுள்ள பூக்கள் கோடையின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும். பகுதி நிழலிலும் இது வளரக்கூடியது.

குளிர்தாங்கும் தன்மை

ஆல்பா ரோசாக்களில் பல, ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் 4 ஆம் வலயத்தில் (ஆண்டுக் கடுங்குளிரின் சராசரி -34 முதல் -29 °செ வரை) வளரக்கூடியவை. எனினும் வேர் உயிருடன் இருப்பது மட்டும் போதாது. இவை முந்தைய ஆண்டின் தண்டுகளிலேயே பூப்பதால், தண்டுகள் பனியில் கருகினால் செடி மீண்டும் துளிர்த்தாலும் அவ்வாண்டு பூக்காது. புதுத்தண்டில் பூக்கும் தற்கால ரோசாக்களுக்கு இக்குறை இல்லை. எனவே குளிர்நாட்டுத் தோட்டத்திற்கு வகையைத் தெரிவு செய்யும்போது தண்டின் உறுதியையே முதலில் நோக்க வேண்டும்.

சில வகைகள்

* ஆல்பா செமிப்பிளேனா - அரையடுக்கு வெண்பூக்கள். இலையுதிர் காலத்தில் சிவந்த காய்கள். பல்கேரியாவின் கசன்லாக் பகுதியில் ரோசா எண்ணெய்க்காகவும் வளர்க்கப்படுகிறது.
* ஆல்பா மாக்சிமா - பேரடுக்கு வெண்பூக்கள், உயரமான செடி.
* கோனிகின் ஃபொன் டேனெமார்க் (டென்மார்க் அரசி) - அடர் இளஞ்சிவப்பு. 1826 இல் வெளியிடப்பட்டது.
* ஃபெலிசிட்டே பார்மன்டியே - வெளிர் இளஞ்சிவப்பு. சிறு தோட்டத்திற்கு ஏற்ற குட்டையான செடி.
* கிரிம்சன் பிளஷ், ராயல் பிளஷ் - செருமானியரான ரோல்ஃப் சீவர்சு 1988 இல் அறிமுகப்படுத்திய ஆல்பா கலப்பினங்கள். முன்னது அடர் சிவப்பு நிறமுடையது.

நடுதலும் பராமரிப்பும்

கடுங்குளிர் நாடுகளில் சொந்த வேரில் வளர்ந்த கன்றுகள் சிறந்தவை. ஒட்டுக்கன்றின் மேற்பகுதி முழுதும் மடிந்தால், அடியிலிருந்து எழுவது வேர்க்கட்டையின் தளிராகவே இருக்கும். ஒட்டுக்கன்றை நட நேர்ந்தால் ஒட்டுப்பகுதி மண்ணுக்குள் 5 முதல் 10 செ.மீ ஆழத்தில் இருக்குமாறு நடுவர். நீர் தேங்கும் நிலம் ஏற்றதன்று. கோடையின் பிற்பகுதியில் தழைச்சத்து உரம் இட்டால், முற்றாத தளிர்கள் தோன்றிக் குளிரில் கருகும். வசந்தத்தில் காய்ந்த தண்டுகளை மட்டும் நீக்கி, ஏனைய கவாத்தைப் பூத்து முடிந்த பின்னரே செய்தல் வேண்டும்.