திருமணியில் மறுவாழ்வு பெற்ற மருந்து

செங்கற்பட்டு வழியாக மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்வோர் ஏராளம். செங்கற்பட்டை அடுத்துள்ள திருமணியைப் பற்றி அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்த ஊர் அது. அம்மருத்துவமனையே 1955-இல் மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று.

முன்பெல்லாம் தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை ஊசி மூலம் ஏற்றுவார்கள். வலி அதிகம், பலன் குறைவு.

இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் டாப்சோன் 1908-லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது ஒரு மருந்து என்று எவரும் நினைக்கவில்லை. சல்பா மருந்துகள் புகழ் பெற்ற 1930-களில்தான் அதைச் சோதித்தார்கள். சல்பாவைப் போலவே கிராம் கணக்கில் கொடுத்ததால் இரத்தச் சிவப்பணுக்கள் அழிந்தன. உதடுகள் நீலம் பாரித்தன. நஞ்சு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் ஃபாஜெட், டாப்சோனிலிருந்து ஆக்கப்பட்ட புரோமின் என்னும் மருந்தைச் சிரை வழியே செலுத்தி நல்ல பலன் கண்டார். ஆனால் நாள்தோறும் சிரையில் ஊசி போடுவது நம் நாட்டு ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகுமா? இங்குதான் டாக்டர் ராபர்ட் காக்ரேன் வருகிறார். பசுக்களின் மடிநோய்க்காக எண்ணெயில் கலந்து வைத்திருந்த டாப்சோனையே எடுத்து, 1946 வாக்கில் செங்கற்பட்டு நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். எண்ணெயிலிருந்து மருந்து மெல்ல மெல்லவே இரத்தத்தில் கலக்கும். எனவே உடல் அதைத் தாங்கிக்கொண்டது. பிறகு நைஜீரியாவில் டாக்டர் லோ என்பவர் சிறு அளவில் வாய்வழியே கொடுத்து, ஊசியும் தேவையில்லை என்று காட்டினார். இன்று பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம்தான் அளவு. பொருள் அதேதான், அளவு மட்டுமே மாறியது!

டாப்சோன் எப்படி வேலை செய்கிறது? கிருமி தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். டாப்சோன் அதைத் தடுக்கிறது. ஆனால் தொழுநோய்க் கிருமி ஒருமுறை பெருகவே ஏறத்தாழ இரண்டு வாரமாகும். மகா சோம்பேறி! அதனால் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒரே மருந்தை அத்தனை காலம் தின்றால் என்னவாகும்? டாப்சோனுக்கு மசியாத கிருமிகள் மலேசியாவில் இருப்பது 1964-இல் உறுதியாயிற்று.

கைகொடுத்தது ரிஃபாம்பிசின். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இத்தாலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆன்டிபயாடிக் அது. சில நாட்களிலேயே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். தனியே கொடுத்தால் அதையும் கிருமிகள் எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்பதால், 1982-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை முடிந்துவிடுகிறது.

ரிஃபாம்பிசின் சாப்பிட்ட பின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது இரத்தமல்ல, பயப்படாதீர்கள். டாப்சோன் சங்கதி வேறு. ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அதனால் இரத்தசோகை வரலாம். தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலுடன் தோல் தடிப்போ மஞ்சள்காமாலையோ கண்டால், அடுத்த மாத்திரையை விழுங்காமல் அன்றைக்கே டாக்டரிடம் செல்லுங்கள்.