எலக்ட்ரம்: வாலெட் ஜன்னலுக்குள் வந்த பொய்

2018 டிசம்பர் கடைசியில் எலக்ட்ரம் வாலெட் வைத்திருந்தவர்களிடம் நடந்த களவில் ஒரு விசித்திரம் உண்டு. யாருடைய சாவியையும் யாரும் உடைக்கவில்லை.

எலக்ட்ரம், 2011-ல் தாமஸ் வோக்ட்லின் தொடங்கிய திறந்தமூல பிட்காயின் வாலெட். முழு பிளாக்செயினையும் இறக்காமல், சர்வர்களிடம் கேட்டுத் தெரிஞ்சுக்கும். அந்த சர்வர்களை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். சாவி உங்க கணினியிலேயே இருக்கிறதால சர்வர்காரர் திருடனா இருந்தாலும் காசை எடுக்க முடியாது. இந்தக் கணக்கு சரியானதுதான்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பணம் அனுப்பும்போது ஏதாவது பிழை என்றால் சர்வர் ஒரு செய்தி அனுப்பும். வாலெட் அதை அப்படியே, எழுத்து அலங்காரத்தோடு, தன் ஜன்னலில் காட்டியது. திருடர்கள் ஏகப்பட்ட சர்வர்களை இறக்கிவிட்டு, "பாதுகாப்புக்காகப் புதிய பதிப்பை இறக்குங்கள்" என்ற பாணியில் பிழைச்செய்தி அனுப்பினார்கள். கூடவே கிட்ஹப்பில் ஒரு போலி முகவரி. அங்கே கிடைத்த வாலெட், திறந்தவுடனே இரண்டடுக்குக் குறியீட்டைக் கேட்கும். அசல் எலக்ட்ரம் பணம் அனுப்பும்போது மட்டும்தான் கேட்கும்! முதல் வாரத்திலேயே 200 பிட்காயினுக்கு மேல் போனது.

ஏமாந்தவங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரல. 'மென்பொருளை உடனுக்குடன் புதுப்பியுங்கள்' என்று காலங்காலமாகச் சொல்லப்பட்ட புத்திமதியைத்தான் அவங்க கேட்டாங்க. அதுவும் தங்களுடைய வாலெட்டே சொன்னதாக நம்பி.

போலியைக் காட்டிக்கொடுக்கும் வழி முன்பே இருந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வோக்ட்லினின் ஜிபிஜி கையொப்பம் உண்டு. இறக்கிய கோப்பை அதோடு ஒப்பிட்டால் போதும். மூலநிரலை யாரும் படிக்கலாம் என்பது, நீங்கள் இறக்கிய கோப்பு அந்த நிரலிலிருந்துதான் வந்தது என்பதற்குச் சாட்சி இல்லையே.

3.3.2 பதிப்பு, செய்தியை வெறும் எழுத்தாக மட்டும் காட்டும்படி மாற்றியது. ஆனால் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? 2019 பிப்ரவரியில் எலக்ட்ரம் குழுவே அதே ஓட்டை வழியாக, 'புதிய பதிப்புக்கு மாறுங்கள்' என்று செய்தி அனுப்பியது. திருடனும் காவலாளியும் ஒரே கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் யாரென்று கண்டுபிடிப்பார்? மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய வாலெட்டுகள் சர்வர்களோடு இணைய முடியாதபடியே செய்தார்கள். கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான், எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. அடுத்த மாதமே, வைரஸ் பிடித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைக் கொண்டு நல்ல சர்வர்களை முடக்கப் பார்த்தார்கள் திருடர்கள்.

2020 ஆகஸ்டில், 2017-க்குப் பிறகு வாலெட்டையே திறக்காத ஒருவர் பழைய பதிப்பை நிறுவிப் பணம் அனுப்ப முயன்றார். அதே செய்தி வந்தது, புதுப்பித்தார். 1,400 பிட்காயின் போய்விட்டதாகக் கிட்ஹப்பில் எழுதினார்.